கோடெக் என்னும் ஒலிச்சுருக்கி

இசையைக் காத்தல் என்பது பண்டைக்காலத்தில் ஆசிரியன் வாயினின்று மாணாக்கன் செவிக்கு அதனை மாற்றுதலேயாம். பின்னர் அரக்குத் தட்டும், அதன்பின் காந்த நாடாவும் அப்பணியை ஏற்றன. இப்பொழுது அது கணினியின் பணியாயிற்று. ஆயினும், நாடாவிலுள்ள பாட்டைக் கணினியிலேற்றி, அதனைப் பிறர்க்கு அனுப்புதற்கேற்ற உருவில் மாற்றப் புகுவோர் பலர் பாதி வழியிலேயே நின்றுவிடுகின்றனர். "இக்கோப்பிற்குரிய கோடெக் கிடைக்கவில்லை" என்று கணினி கூறும். கோடெக் யாது, அஃது எங்கே கிடைக்கும், எங்கே வைத்தல் வேண்டும் என்பது தெரியாமையால் வேலை கைவிடப்படும். அங்ஙனம் கைவிடப்பட்ட வேலை மறுபடியும் தொடங்கப்படுவது அரிது.

இதனாலுண்டாகும் இழப்பு சிறிதன்று. 2015 ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள் தொடங்கிய பெருமழையில், ஒரு நாளைக்குள் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. அடையாறு கரைபுரண்டு முடிச்சூர், வரதராஜபுரம் முதலிய இடங்களில் வீடுகளின் கீழ்த்தளத்தை மூழ்கடித்தது. நனைந்த அரிசியை மறுபடியும் வாங்கலாம். நனைந்த துணியை உலர்த்தலாம். பாட்டியார் பாடிய தாலாட்டும், திருமணத்தன்று வாசித்த நாகசுரமும், ஆலயப் பாடகர் குழுவின் பழைய பாட்டுக்களும் பதிந்திருந்த நாடா சேற்றிற் கிடந்தால் அதற்கு ஈடு ஏது? ஆகவே, ஒலியைக் கணினியில் மாற்றும் முறையையும், அதிற் கோடெக்கின் தொழிலையும், அதனை நிறுவும் வழியையும், நேரும் தடைகளையும் அவற்றின் நீக்கத்தையும் நம் மாணவ நண்பர்க்கு இங்கே சுருக்கமாகக் கூறப் புகுந்தோம்.

ஒலி எண்ணாகும் வகை

ஒலி என்பது காற்றின் அசைவு. அவ்வசைவை ஒலிவாங்கி மின்னசைவாக்கும். கணினிக்கு எண்களன்றி வேறொன்றும் விளங்காதாதலின், அம்மின்னசைவை நொடிதோறும் பல்லாயிரம் முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் ஓர் எண்ணாகக் குறித்தல் வேண்டும். ஆற்றின் நீர்மட்டத்தை அளவுகோலிற் பார்த்து மணிதோறும் எழுதிவைப்பாரைப் போல்வது இது. அடிக்கடி அளந்தால் ஏற்றத்தாழ்வு விடாமற் பதியும். இடைவிட்டு அளந்தால் நடுவே வந்துபோன அலை பதியாது.

எத்தனை முறை அளத்தல் போதும்? ஓர் ஒலியின் அதிர்வெண் யாதோ, அதன் இருமடங்குக்கு மேல் அளந்தால் அவ்வொலியைப் பழுதின்றி மீட்டுக்கொள்ளலாம் என்பது விதி. மனிதர் செவிக்கு எட்டும் உச்ச அதிர்வெண் நொடிக்கு ஏறத்தாழ 20,000 ஆகும். ஆதலின், 1982 இல் விற்பனைக்கு வந்த குறுந்தகட்டில் நொடிக்கு 44,100 அளவுகள் என்று வகுத்தனர். ஒவ்வோரளவும் 16 பிட் கொண்டது; இடம், வலம் என இரு வழிகள் உண்டு. இம்மூன்றையும் பெருக்கினால் நொடிக்கு 14,11,200 பிட் என்றாகும். எட்டுப் பிட் ஒரு பைட்டாதலின், ஒரு நிமிடப் பாட்டிற்கு ஒரு கோடியே ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்ட பைட்டுகள், அதாவது 10 மெகாபைட்டுக்கு மேல் இடம் வேண்டும். இங்ஙனம் சுருக்காமல் அப்படியே வைக்கும் கோப்பே பெரும்பாலும் 'வேவ்' எனப்படுவது.

கோடெக்கும் அதன் இருவகையும்

இவ்வெண்களைச் சுருக்கிக் கட்டுதலும், வேண்டும்போது விரித்துத் தருதலும் ஆகிய இரண்டு தொழிலையும் செய்யும் சிறு நிரலே கோடெக். கட்டுவது 'கோடர்', விரிப்பது 'டிகோடர்' என்னும் இரு ஆங்கிலச் சொற்களின் முற்பகுதிகள் சேர்ந்து அப்பெயராயின. யாம் இதனை ஒலிச்சுருக்கி என வழங்கினும், விரித்தலும் அதன் தொழிலே என்பதை மறத்தல் கூடாது.

ஒலிச்சுருக்கிகள் இருவகைப்படும். ஒன்று இழப்பில்லாதது, மற்றொன்று இழப்புள்ளது. துணியை மடித்துப் பெட்டியில் வைத்தால் இடம் குறையும். எடுத்து விரித்தால் ஓரிழையும் குறையாது. இஃது இழப்பில்லாத வகை. ஜோஷ் கோல்சன் என்பார் இயற்றி, 2001 இல் முதற்பதிப்பாக வெளிவந்த 'ஃபிளாக்' இவ்வகையிற் பெயர் பெற்றது. இசையின் இயல்புக்கேற்ப வேவ் கோப்பின் இடத்தைப் பாதியளவாக, அல்லது அதனினும் சிறிது கூடுதலாக இது குறைக்கும். 2024 டிசம்பரில் இதன் அமைப்பு ஆர்.எஃப்.சி. 9639 என்னும் இணையத் தர ஆவணமாகவும் வெளியிடப்பட்டது.

மற்றது, துணியின் வெளித்தெரியாத மடிப்புக்களைக் கத்தரித்துவிட்டு மீதியைத் தைப்பதை ஒத்தது. தாம்பரம் ரயில் நிலையத்தில் விரைவு வண்டி ஒன்று நில்லாமற் போகும்போது, அருகே நின்று கூவும் வேர்க்கடலை விற்போன் குரல் நம் செவிக்கு எட்டுவதில்லை. அவன் கூவவே செய்கின்றான். பேரொலி சிற்றொலியை மறைத்துவிடுகின்றது. செவியின் இவ்வியல்பையறிந்து, மறைபடும் ஒலிகளுக்கு இடங்கொடாமல் விடுவதே இழப்புள்ள சுருக்கியின் உபாயம். ஜெர்மனியில் எர்லாங்கன் நகரிலுள்ள ஃபிரான்ஹோஃபர் ஆய்வுக்கூடத்தாரும் பிறரும் முயன்று உருவாக்கிய எம்.பி. 3 இவ்வகையினது. 1990 களின் தொடக்கத்தில் அது உலகத்தரமாக ஏற்கப்பட்டது. 1995 இல் அக்கோப்புக்களுக்கு அப்பெயர் வாலாகச் சூட்டப்பட்டது. நொடிக்கு 128 கிலோபிட் என்னும் அளவிற் சுருக்கினால், குறுந்தகட்டின் பதினொன்றில் ஒரு பங்கு இடமே போதும்.

அச்சுருக்கியைச் செப்பஞ்செய்த கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க் என்னும் அறிஞர், சூசன் வேகா என்னும் பாடகியின் 'டாம்ஸ் டைனர்' என்ற பாட்டைச் சோதனைக்குக் கொண்டனர். அது பக்கவாத்தியம் ஒன்றுமின்றித் தனிக்குரலாற் பாடப்பட்டது. தனிக்குரலில் மறைப்பதற்குரிய வேறு ஒலியில்லை. ஆதலின் சுருக்கியின் குறை உடனே வெளிப்படும். நம் நாட்டு இசைக்கும் இது பொருந்தும். தம்புரா ஒன்றே துணையாக ஒருவர் விருத்தம் பாடுமிடத்தும், மிருதங்கத்தின் சாப்பு விழுமிடத்தும் குறைந்த அளவிற் சுருக்கிய எம்.பி. 3 தன் ஏழைமையைக் காட்டிவிடும். தம்புராவின் நாதம் நீரிற் குமிழியிடுவதுபோற் கலங்கும். சாப்பு விழுவதற்கு ஒரு கணம் முன்னரே மெல்லிய இரைச்சல் ஒன்று தோன்றும். எம்.பி. 3 ஒலியைச் சிறு சிறு கூறுகளாக எடுத்துச் சுருக்குதலின், ஒரு கூற்றின் நடுவே எழும் திடீர் ஒலியின் பிழை அக்கூறு முழுதும் பரவுவதே இதன் காரணம்.

பெட்டி வேறு, பொருள் வேறு

கோடெக்கைப்பற்றி எழும் குழப்பங்களிற் பெரும்பாலானவை ஒன்றனால் வருகின்றன. அது, கோப்பின் பெயரிலுள்ள வாலைக் கண்டு உள்ளிருக்கும் சுருக்கி இன்னதென்று துணிவதாகும். இதனை நம்மூர் ரயில்வழியைக்கொண்டு விளக்குவாம். சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரத்திற்கு 1931 இல் ஓடத் தொடங்கிய மின்வண்டி மீட்டர் பாதையில் ஓடியது. தண்டவாளங்களின் இடை 1,000 மில்லிமீட்டர். அவ்வழியில் மீட்டர் பாதை வண்டி 2004 ஜூலை முதல் நாளோடு நின்று, 1,676 மில்லிமீட்டர் அகலப் பாதையே நிலைபெற்றது. மீட்டர் பாதை வண்டியின் நெற்றியில் 'அகலப்பாதை வண்டி' என்று பெயர்ப்பலகை மாட்டினால் அஃது அகலப்பாதையில் ஓடுமோ? ஓடாது. சக்கரத்தை மாற்றல் வேண்டும்; அல்லது சரக்கை இறக்கி வேறு வண்டியில் ஏற்றல் வேண்டும்.

கோப்பின் பெயரை மாற்றுதல் பெயர்ப்பலகையை மாற்றுதல் போன்றது, உள்ளிருப்பது மாறாது. இனி, ஒரே வகைப் பெட்டியில் வெவ்வேறு சரக்கு ஏற்றலாம் என்பதும் நினைவிலிருத்தற்பாலது. எம். 4 ஏ. என்னும் பெட்டிக்குள் இழப்புள்ள ஏ.ஏ.சி.யும் இருக்கலாம், இழப்பில்லாத ஆப்பிள் சுருக்கியும் இருக்கலாம். ஓக் என்னும் பெட்டிக்குள் வார்பிஸும் இருக்கலாம். 2012 இல் தரப்படுத்தப்பட்ட ஓபஸும் இருக்கலாம். ஒரு மென்பொருள் பெட்டியைத் திறக்க வல்லதாயினும், உள்ளே இருக்கும் பொருளை விரிக்கும் கோடெக் இல்லையாயின் வாய் திறவாது நிற்கும்.

தனியே நிறுவ வேண்டியதேன்?

மென்பொருளை இயற்றியவரே எல்லாக் கோடெக்குகளையும் உடன் வைத்துத் தந்தாலென்ன என்று கேட்கலாம். இதற்கு விடை சட்டத்திலுள்ளது. எம்.பி. 3 இன் பல கூறுகள் காப்புரிமையால் வேலியிடப்பட்டிருந்தன. 1998 இல் தொடங்கிய 'லேம்' என்னும் கட்டற்ற சுருக்கி மிகச் சிறந்ததாயினும், காப்புரிமைக்கு அஞ்சி அதனைத் தம் மென்பொருளோடு சேர்க்கப் பலர் தயங்கினர். ஒலியைத் திருத்த உலகெங்கும் பயன்படும் 'ஆடாசிட்டி'யை வைத்திருந்தோர், எம்.பி. 3 ஆகப் பாட்டைச் சேமிக்க லேமைத் தனியே தேடிக் கொணர்ந்து வைக்க வேண்டியிருந்தது. 2017 இல் அவ்வுரிமைகள் காலங்கடந்தன. ஃபிரான்ஹோஃபர் கூடத்தாரும் தம் உரிமம் வழங்கும் ஏற்பாட்டை முடித்துக்கொண்டனர். 2019 இல் வந்த ஆடாசிட்டியின் 2.3.2 ஆம் பதிப்பு முதல் லேம் உடன்சேர்ந்தே வருகின்றது. ஆதலின், லேமைத் தனியே நிறுவக் கூறும் பழைய குறிப்புக்கள் புதிய பதிப்புடையார்க்கு வேண்டா. ஆயினும் விண்டோஸில் எம். 4 ஏ., டபிள்யூ.எம்.ஏ., ஏ.எம்.ஆர். முதலியவற்றை ஆடாசிட்டியிற் கையாள, 2000 ஆம் ஆண்டில் ஃபப்ரீஸ் பெல்லார் தொடங்கிய 'எஃப்.எஃப்.எம்பெக்' என்னும் தொகுதி தனியே வேண்டும்.

கட்டற்ற மென்பொருளின் வளர்ச்சியில் நம் புறநகர்க்கும் பங்குண்டு. 1949 இல் நிறுவப்பெற்ற குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்திலுள்ள ஏ.யூ.-கே.பி.சி. ஆராய்ச்சி மையமும், சென்னை சி-டாக் நிறுவனமும் சேர்ந்து, கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய வள மையத்தை 2005 இல் நடத்தத் தொடங்கின. அம்முயற்சியின் பயனாக 2007 இல் 'பாஸ்' என்னும் இயங்குதளம் வெளிவந்தது. அது டெபியன் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டது. லினக்ஸ் தளங்களிற் பல, ஒலியை இயக்க 'ஜிஸ்ட்ரீமர்' என்னும் அமைப்பைப் பயன்படுத்துகின்றன. அதன் செருகிகளை இயற்றியோர் நகைச்சுவையுடன் அவற்றை 'நல்லது', 'கெட்டது', 'அழகற்றது' என மூன்று தொகுதிகளாக்கினர். 'அழகற்றது' என்பதில் தரத்திற் குறையாத, ஆனால் காப்புரிமை முதலிய சிக்கலுக்கு இடமான செருகிகளை வைத்தனர். பெயரைக் கண்டு அஞ்சி அதனை நிறுவாது விட்டவர்க்குப் பாட்டுச் சில ஒலியாதிருந்தமை இதனாலேயாம்.

நிறுவும் முறை

இனி, செய்முறையைக் கூறுவாம்.

முதலாவது, கோப்பின் உள்ளிருப்பது யாதென அறிதல் வேண்டும். 'மீடியா இன்ஃபோ' என்னும் சிறு மென்பொருளிற் கோப்பைத் திறந்தால் பெட்டியின் வகை, சுருக்கியின் பெயர், நொடிக்குரிய அளவெண், பிட் எண், வழிகளின் தொகை ஆகியவற்றை அது காட்டும். நோயின்னதென்று அறியாமல் மருந்து தேடுதல் அறிவுடைமையன்று.

இரண்டாவது, வேண்டும் கோடெக்கை அதனை இயற்றியோர் தளத்திலிருந்தோ, நம் மென்பொருளின் உதவிப் பக்கம் காட்டும் இடத்திலிருந்தோ மட்டும் பெறுதல் வேண்டும். 'எல்லாக் கோடெக்கும் ஒரே மூட்டையில்' என்று இணையத்தில் அழைப்போர் பலர். அம்மூட்டைகளிற் சில தீநிரல்களைச் சுமந்து வருவன. நல்லனவும் முன்னிருந்த கோடெக்கோடு முரண்பட்டு, இயங்கிய பாட்டையும் இயங்காமற் செய்தல் உண்டு. வேண்டுவது ஒன்றாயின் ஒன்றையே நிறுவுக.

மூன்றாவது, பிட் அகலம் பொருந்துதல் வேண்டும். 64 பிட் மென்பொருள் 32 பிட் நிரற்கோப்பை ஏற்காது. 32 பிட் மென்பொருளும் 64 பிட் கோப்பை ஏற்காது. நிறுவியும் "கிடைக்கவில்லை" என்னும் விடையே வருமாயின் முதற்கண் ஐயுறத்தக்கது இதுவே. கணினி 64 பிட் என்பதனால் மட்டும் அதிலுள்ள மென்பொருளும் 64 பிட் என்று கொள்ளலாகாது. மென்பொருளின் 'பற்றி' என்னும் பகுதியிற் பார்த்துத் தெளிக.

நான்காவது, கோடெக் இருக்குமிடத்தை மென்பொருளுக்குக் காட்டுதல் வேண்டும். ஆடாசிட்டியில் விருப்பத்தேர்வுகளுள் 'லைப்ரரிகள்' என்னும் பகுதியிற் சென்று எஃப்.எஃப்.எம்பெக் இருக்கும் இடத்தைக் குறிப்பிடலாம். அதன் பதிப்பும் ஆடாசிட்டியின் பதிப்பிற்கு ஏற்றதாதல் வேண்டும். பின்பு மென்பொருளை மூடித் திறக்க. டெபியன் வழிவந்த லினக்ஸில் இத்தொல்லை குறைவு, 'ஏ.பி.டி.' என்னும் பொதி நிறுவியினிடம் பெயரைச் சொன்னால், அது வேண்டுவனவற்றையெல்லாம் உடன்கொணர்ந்து உரிய இடத்தில் வைத்துவிடும்.

ஐந்தாவது, முப்பது நொடியளவான ஒரு துண்டை மாற்றிப் பார்த்து, வேறொரு கணினியிலும் ஒரு கைபேசியிலும் அதனைக் கேட்டபின்னரே முழு வேலையையும் தொடங்குக.

நேரும் தடைகளும் நீக்கமும்

இங்ஙனம் செய்தும் சில தடைகள் நேரலாம். அவற்றுள் நம் மாணவர் பெரும்பாலும் காண்பனவற்றைக் கூறுகின்றோம்.

பாட்டு மெதுவாகவும் தாழ்ந்த சுருதியிலும் ஒலித்தல் ஒன்று. நொடிக்கு 48,000 அளவாகப் பதிந்ததை 44,100 என்று மென்பொருள் கொண்டுவிட்டால் இவ்வாறாகும். அப்பொழுது சுருதி ஏறத்தாழ ஒன்றரைச் சுரத்தானம் இறங்கும்; ஐந்து கட்டையிற் பாடியவர் நாலுக்கும் நாலரைக்கும் இடையே பாடியவராகக் கேட்பார். இது கோடெக்கின் குற்றமன்று. அளவெண்ணைத் திருத்தினாற் போதும். கேட்போர் இசைப்பயிற்சியுடையராயின் இப்பிழையை எளிதிற் கண்டுகொள்வர். இல்லாதார் ஒரு பாடகரின் சுருதியையே தவறாக அறிந்துகொள்வர்.

கோப்புத் திறந்தும் ஒலி வாராமை மற்றொன்று. காணொளிக் கோப்புக்களில் இது மிகுதி. படத்தின் கோடெக் இருந்து ஒலியின் கோடெக் இல்லாமையே பெரும்பாலும் காரணம். மீடியா இன்ஃபோ காட்டும் ஒலிச்சுருக்கியின் பெயரை நோக்கி அதனை மட்டும் நிறுவுக.

கைபேசியிற் பதிந்த கோப்பு முற்றும் திறவாமை வேறொன்று. எம்.பி. 4, எம். 4 ஏ. முதலிய பெட்டிகளில் உள்ளடக்கத்தின் அட்டவணை பெரும்பாலும் பதிவு முடிந்தபின்னரே எழுதப்படும். நடுவே மின்கலம் தீர்ந்து கைபேசி நின்றால் ஒலி இருந்தும் அட்டவணை இராது. எத்தனை கோடெக் நிறுவினும் அது திறவாது. அட்டவணையை மீட்டமைக்கும் தனிக்கருவி வேண்டும். ஆதலின், முதியோரிடம் நாட்டுப்பாட்டுப் பதியச் செல்வோர் நீண்ட பதிவொன்றினும் இடையிடையே நிறுத்திய குறும்பதிவுகள் பலவற்றை எடுத்தல் நன்று.

பழைய கைபேசிகளின் ஏ.எம்.ஆர். பதிவு பற்றியும் ஒரு சொல். அது பேச்சுக்கென்றே வகுக்கப்பட்டது. நொடிக்கு 8,000 அளவே கொண்டது. எஃப்.எஃப்.எம்பெக் இருந்தால் அது திறக்கும். ஆனால் 4,000 அதிர்வுக்கு மேற்பட்ட ஒலி அதில் இல்லை. எவ்வளவு உயர்ந்த உருவிற்கு மாற்றினும் இல்லாதது வாராது.

பாட்டின் பெயர் தமிழிலிருந்து குழம்பிய எழுத்துக்களாகத் தோன்றுதல் இன்னொன்று. எம்.பி. 3 கோப்பிற் பெயர் முதலியன எழுதும் பழைய குறிப்புமுறையில் தலைப்பிற்கு 30 பைட்டே இடம். யூனிகோடின் யு.டி.எஃப். 8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டிற்கும் மூன்று பைட்டு வேண்டுதலின், பத்துக் குறியீட்டோடு பெயர் முறிந்துபோம். மேலும், யூனிகோடு பரவுமுன் டி.எஸ்.சி.ஐ.ஐ., டாம், டாப் முதலிய குறியீட்டு முறைகளில் எழுதிய பெயர்கள் இக்காலக் கணினியிற் பொருளற்ற குறிகளாகத் தோன்றும். அவற்றை உரிய மாற்றியால் யூனிகோடாக்கிப் புதிய குறிப்புமுறையில் எழுதிக்கொள்க.

இறுதியாக, பூட்டிட்டு விற்கப்பட்ட பாட்டுக்கள் உள. அவை திறவாமைக்குக் காரணம் கோடெக்கின்மையன்று, உரிமைப் பூட்டேயாம். அங்குக் கோடெக் தேடி அலைதல் வீண்.

மூலத்தைக் காத்தல்

யாம் கூறுவனவற்றுள் இதுவே தலையாயது. இழப்புள்ள உருவிற்கு மாற்றியபின், மூலத்தை அழித்தல் ஆகாது. எம்.பி. 3 ஐ ஃபிளாக்காக மாற்றுவார் சிலர், தரம் உயர்ந்துவிட்டதென்று மகிழ்கின்றனர். அரைத்த மாவை நெல்லின் பத்தாயத்தில் இட்டால் அது நெல்லாகுமோ? எம்.பி. 3 ஐ ஏ.ஏ.சி. ஆகவும், ஏ.ஏ.சி.யை மீண்டும் எம்.பி. 3 ஆகவும் மாற்றுவோரோ, ஒவ்வொரு முறையும் சிறிது சிறிதாக இழக்கின்றனர். குறை முதற்கண் தெரியாது, தெரியும்போது மீட்சியிராது.

இதன் அருமையைப் பழைய இசைத்தட்டுக்களைக்கொண்டு உணரலாம். அரக்கு முதலியன கலந்து செய்த பத்தங்குலத் தட்டு நிமிடத்திற்கு ஏறத்தாழ 78 முறை சுழன்றது. ஒரு பக்கத்தில் மூன்று நிமிடத்திற்குச் சற்று மேற்பட்ட இசையே அடங்கியது. அக்கால வித்துவான்கள் தம் ஆலாபனையையும் கிருதியையும் அச்சிறு காலத்துள் சுருக்கிப் பாடினர். அத்தட்டுக்கள் எளிதில் உடைவன. இந்தியாவில் 1912 முதல் 1916 வரையும், மறுபடியும் 1932 முதல் 1938 வரையும் வெளிவந்த ஓடியன் தட்டுக்களை, பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணத் திட்டத்தின் உதவியால் இசைத்தட்டுச் சேகரிப்போர் எண்ணுருவாக்கினர். தனி ஒருவர் சேகரித்த பழம்பொருள்களின் அருமைக்குத் தரமணியிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் சான்றாகும். கோட்டையூர் ரோஜா முத்தையா வாழ்நாளெல்லாம் திரட்டிய நூல்களையும் இதழ்களையும் கொண்டு 1994 இல் அது நிறுவப்பெற்றது. ஒருவர் எறியாமல் வைத்தமையாலன்றோ அவை நமக்குக் கிடைத்தன!

ஒலி ஆவணக் காப்பாளரின் உலகச் சங்கம், நொடிக்கு 48,000 அளவும் 24 பிட்டும் குறையாமற் பதிக என்று விதித்துள்ளது. 96,000 அளவாயின் மேலும் நன்று. 96,000 அளவில் இருவழிப் பதிவிற்கு நிமிடத்திற்கு ஏறத்தாழ 35 மெகாபைட்டும், அறுபது நிமிட நாடாவிற்கு இரண்டு ஜிகாபைட்டுக்குச் சிறிது மேலும் ஆகும். ஃபிளாக்காக வைத்தால் அது பெரிதும் குறையும். இக்காலச் சேமிப்புக் கருவிகளுக்கு இது பாரமன்று. எனவே, மூலத்தை ஃபிளாக்காக வைத்துக்கொண்டு, உறவினர்க்கும் நண்பர்க்கும் அனுப்பும் படியை மட்டும் அதிலிருந்து எம்.பி. 3 ஆக எடுக்க. பேச்சிற்கு 128 கிலோபிட் அளவு போதும்; தம்புராவும் மிருதங்கமும் கூடிய இசைக்கு 192 க்கு மேல் வைத்தல் நலம்.

ஃபிளாக்கிற்கு மற்றொரு சிறப்பும் உண்டு. சுருக்குமுன் இருந்த ஒலியின் அடையாள எண்ணொன்றை அது தன்னுள்ளே பொறித்து வைத்துக்கொள்ளும். பல்லாண்டு கழித்துச் சோதனை செய்தால், ஒலி பழுதுறாமல் உள்ளதா என்பதை அவ்வெண்ணைக்கொண்டே அறியலாம். மூன்று படிகள் வைக்க; இரண்டு வெவ்வேறு கருவிகளில் இருக்க; ஒன்று வேறோர் ஊரில் இருக்க. ஒரே வீட்டிலுள்ள மூன்று படியும் ஒரே வெள்ளத்திற் போம் என்பதை முடிச்சூரார்க்கு யாம் சொல்ல வேண்டுவதில்லை.

பதிவினைப் பிறர்க்கு வெளியிடுமுன் உரிமையையும் எண்ணுக. 1957 ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, ஒலிப்பதிவின் உரிமை அது வெளியான ஆண்டிற்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டு நிற்கும். பாட்டை இயற்றியோர் உரிமை தனியே உண்டு. வீட்டிற் பாடியோரிடத்தும் இசைவு கேட்டல் மரியாதையாம்.

கோடெக் சிறியதொரு நிரல். அதனை நிறுவுதற்கு அரைமணி நேரம் ஆகலாம். நாடாவிற்கோ நாட்கள் எண்ணப்பட்டுள்ளன. அதன் மேற்பூச்சு உதிரும். ஓட்டும் கருவிகளும் அருகி வருகின்றன. வரும் விடுமுறையில் வீடு செல்லும் மாணவர் ஒவ்வொருவரும், வீட்டிலுள்ள நாடாக்களுள் ஒன்றையேனும் எடுத்து, ஓடும் கருவியொன்றைத் தேடி, அதன் தலையைத் துடைத்து, முழுவதும் பதிந்து, பாடினவர் பெயரும் ஊரும் ஆண்டும் எழுதி வைப்பாராக. பெயரெழுதாத குரல் இரண்டு தலைமுறைக்குப்பின் யாருடையதென்று சொல்வாரின்றிப் போம். அக்குரலை இன்னாருடையதென்று அறிந்தோர் நம் வீட்டில் இருக்கும்போதே அவரைக் கேட்டு எழுதிக்கொள்ளுதல் நம் கடன்.